எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு வைத்த சந்தனம்

கம்ப்யூட்டர் செத்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. டப் என்று ஒரே சத்தம், பின்னாலேயே கருகல் நாற்றம். கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். என் நாத்தனார் காதில் ஹெட்போனும் காலடியில் பெடலுமாக, கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் இன்னும் கீபோர்டு மேலேயே இருந்தன.

"பாதி ஃபைலு அண்ணி," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த ஃபைல் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, இன்ன நோவு, இன்ன மருந்து என்று மைக்கில் பேசிவைப்பார். அந்தப் பேச்சு இன்டர்நெட்டில் நம்மிடம் வரும். பெடலை மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டுக் கேட்டு டைப் அடித்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாயிரங்களின் பின்பாதியில் இந்த வேலை விருத்தாசலம் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணினது என் கையில்தான். அப்புறம் பாண்டிச்சேரிக்குப் போய் வந்து மருந்துப் பெயர், நோய்ப் பெயரெல்லாம் படித்தாள். சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு டிரையல் ஃபைல் கொடுத்திருந்தது. அதைச் சரியாக அடித்து நேரத்துக்கு அனுப்பினால் வேலை நிச்சயம். அதைத்தான் கம்ப்யூட்டர் பாதியில் விழுங்கிவிட்டது.

அவளுக்கு அது சம்பளத்துக்கான வேலை மட்டும் என்றால் நான் இத்தனை பதறியிருக்க மாட்டேன். திட்டக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு பையும், முதுகில் பெல்ட்டுத் தடமுமாக அவள் திரும்பி வந்திருந்தாள். மருந்து போட்டது நான். அந்த முதுகைப் பார்த்த பிறகு, அவளை மறுபடி அங்கே அனுப்பலாம் என்று யார் பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பேசினார்கள். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், தங்கமான மனுஷர், ஊர் வாய்க்கு மட்டும் பயப்படுவார். அவருடைய பெரியப்பா நாள் குறித்துவிட்டார். ஆயுத பூசை கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், பேசி முடித்துக் கையோடு அழைத்துப் போவார்கள் என்று ஏற்பாடு. "சம்பாரிக்கிற பொண்ணுன்னாலும் ஒரு பேச்சு சொல்லலாம். சும்மா வூட்டுல வச்சிக்கிட்டு என்ன பதிலுடா சொல்லுவ?" என்று பெரியப்பா கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொன்னேன்தான். எனக்கு வாய் நீளம் என்று ஏற்கெனவே பெயர் இருந்ததால் அது எடுபடவில்லை.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவளுக்கு வேலை கிடைத்தாக வேண்டும். கம்பெனியில் ஃபைல்களைப் பிரித்துக் கொடுக்கும் பெண்மணிக்கு நானே போன் போட்டுக் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, அன்றைக்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு ஃபைல் தருவதாகவும், எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது, வந்த அன்றே முடிக்க வேண்டும் என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

செத்தது கம்ப்யூட்டர் இல்லை, அதற்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி. எல்லோரும் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்வோமே, அதுதான். கழற்றிப் பார்த்தால் அதற்குள் போகும் காற்று வழி முழுக்க வெள்ளை மாவு அப்பிக்கிடந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வரிசையாகச் செராமிக் யூனிட்டுகள். ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற மண் தூசி எங்கள் சோற்றுப்பானை வரைக்கும் வரும், கம்ப்யூட்டருக்குள் வராமல் இருக்குமா? போதாததற்கு அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் வயர்கள் இடியாப்பம் பிழிந்ததுபோல் உள்ளே சுருண்டு கிடந்தன. தேவைப்படுவது நாலு, கிடப்பது பத்து. தூசி அத்தனையும் அந்தச் சுருணையில்தான் அடை கட்டியிருந்தது. அப்புறம் வோல்டேஜ். யூனிட்டுகளில் மண் அரைக்கிற பெரிய உருளையைச் சுழற்ற ஆரம்பித்தால் எங்கள் வீட்டு பல்பு மங்கி, ஒருமுறை செருமிவிட்டு எரியும். உள்ளூர் மெக்கானிக் ஒரு புதுப் பெட்டியை மாட்டினார். அடுத்த முறை உருளை சுற்றியபோது அதுவும் போய்ச் சேர்ந்தது.

"இந்த ஊரு பெட்டி எதுவும் இனிமே வேணாம், மெட்ராஸுக்குப் போவோம்," என்று வீட்டுக்காரரைக் கிளப்பினேன். காலை ரயிலைப் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனோம்.

போவதற்கு முன்னால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் படித்துவிட்டுத்தான் போனேன். அட்டையில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக்கூடாது, பன்னிரண்டு வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியர் என்று பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் எடுத்துவைத்த பெட்டிகளில் நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். அப்புறம் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டினார். அவர் செராமிக் யூனிட்டில் சூளை பார்ப்பவர். வெந்து வந்த சாமானைத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் விரிசல் கண்டுபிடிப்பார். அந்தப் பழக்கம் கடைத்தெருவிலும் விடவில்லை.

"சார், அது தேங்கா இல்ல," என்றார் கடைக்காரர்.

"கனமா இருந்தா நல்லதுதானுங்களே?" என்றார் இவர். கனத்துக்காக உள்ளே இரும்புத் துண்டை வைத்து விற்கிறவனும் இந்தத் தெருவில் இருக்கிறான் என்று கடைக்காரர் சிரித்தார். எனக்கு மானம் போனது.

நான் கேட்டது மாடுலர் வகை. மதர்போர்டுக்குப் போகும் பெரிய கேபிள் மட்டும் பெட்டியோடு ஒட்டியே வரும். மற்றவற்றுக்குப் பெட்டியின் முகத்தில் சாக்கெட்டுகள் இருக்கும். ஹார்டு டிஸ்குக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று என்று வேண்டிய கேபிளை மட்டும் சொருகிக்கொள்ளலாம், வேண்டாதது டப்பாவிலேயே தூங்கும். உள்ளே சுருணை இருக்காது, தூசி தட்டுவதும் சுலபம். அதைக் கேட்டு வருகிறவர்கள் கேம் ஆடுகிற பையன்கள்தான் என்று சொல்லி, கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழட்டி மாட்டுற ஒவ்வொரு எடமும் ஒரு கோளாறுதான்," என்றார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். வேறு பெட்டியின் கேபிள் இதில் பொருந்தினாலும் மாட்டாதீர்கள், ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும். சாக்கெட்டுக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான் பெரிய படிப்பாளியாட்டம் தலையாட்டினேன்.

மாட்டுவதற்குள் உயிர் போனது. பழைய பெட்டியின் நாலு திருகில் ஒன்று மழுங்கிப்போய், கழற்றுவதற்குள் இவர் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார். புதுப் பெட்டி கொஞ்சம் நீளம், அதோடு சாக்கெட்டில் கேபிளைச் சொருகினால் இன்னும் விரற்கடை நீட்டிக்கொண்டு டிவிடி டிரைவில் முட்டியது. டிரைவைக் கழற்றி, கம்ப்யூட்டருக்குள்ளேயே மேலே காலியாக இருந்த தட்டுக்கு மாற்றினோம். சி.பி.யு.வைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. அதற்காக இவர் கொல்லையில் எர்த் குழியில் உப்பைக் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். ஸ்விட்சைப் போட்டோம். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. பின்னால் யூனிட்டில் உருளை சுழலும் சத்தம் கேட்டு பல்பு மங்கியது. கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது.

நாத்தனாருக்கு அந்தப் பெட்டி மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. கேபிளை எப்படிக் கழற்றுவது, தூசி தட்டி எப்படித் திரும்பச் சொருகுவது என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். காலையில் எழுந்தால் ஃபைல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள், வரவில்லை என்றால் பக்கக் கதவைத் திறந்து தூசி தட்டுவாள். ஃபைல் வந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டில் சோறு அப்படியே இருக்கும். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் பசிக்கவில்லை என்பாள். எனக்கும்தான் பசிக்கவில்லை, ஆனால் நான் கோபத்திலேயே சாப்பிட்டுவிடுவேன்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நான் இன்ஸ்டிட்யூட்டில் மாட்டிக்கொண்டேன். அத்தனை டைப்ரைட்டரையும் துடைத்துப் பொட்டு வைத்து முடித்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் நாத்தனார் பூசைக்கு எல்லாம் அடுக்கிவைத்திருந்தாள். தையல் மிஷின், அரிவாள்மனை, சுத்தியல், அண்ணனுடைய இடுக்கி, நடுவில் கம்ப்யூட்டர். பக்கக் கதவைத் திறந்துவைத்து, கழற்றக்கூடிய கேபிளையெல்லாம் கழற்றித் துடைத்து, வாழையிலையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள். தலைக்குத் தலை சந்தனம், குங்குமம்.

"கேபிளுக்கெல்லாம் பொட்டா? பொண்ணு பார்க்க வராங்களா?" என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போனேன். குனிந்து உள்ளே பார்த்திருக்கலாம். யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலை பூசை முடிந்து, பொரியில் வெல்லத்தைக் கலந்துகொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. அந்தக் கம்பெனி அம்மாள். ஃபைல் வந்துவிட்டது, சாயங்காலம் ஆறு மணிக்குள் வேண்டும் என்றார். நான் இன்றைக்கு ஆயுத பூசை என்றேன். "இங்கயும்தான் மேடம். கிளையன்டுக்கு லீவு இல்லையே," என்றார். நாளைக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டதற்கு, நாளைக்கு அனுப்பவே வேண்டாம் என்று பதில் வந்தது.

போனை வைத்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னேன். அவள் முகம் முதலில் மலர்ந்தது. அப்புறம் வாழையிலையைப் பார்த்தாள்.

"பூசையில வச்சத நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டுத்தான் அண்ணி எடுக்கணும்," என்றாள்.

"நாளைக்கு எடுத்து, ஆட்டுக்கல்லுக்கு முட்டுக் கொடுக்கவா?"

"என்ன வேணாலும் சொல்லுங்க. நான் தொடமாட்டேன். நீங்களும் தொடாதீங்க."

எனக்கு ஏறிவிட்டது. இருக்கிற வழியையெல்லாம் யோசித்தேன். பிரவுசிங் சென்டர்கள் பூட்டு, அங்கேயும் மிஷினுக்கெல்லாம் பொட்டு. திறந்திருந்தாலும் இந்தப் பெடலும் சாஃப்ட்வேரும் அங்கே கிடையாது. இந்த ஒரு பெட்டிதான். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாமிக்கென்ன, அது எல்லா வருஷமும் வரும், அமெரிக்காக்காரன் வருவானா என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேனில் ஏறிப் போவதுதான் ஆசையென்றால் இப்போதே பையைக் கட்டு என்றும் சொல்லிவிட்டேன். அவள் கண் நிறைந்தது.

அவளுடைய பயமும் எனக்குத் தெரியாததில்லை. அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன் வருவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. நேரம் தப்பித் தாலி ஏறியதால்தான் அவள் வாழ்க்கை இப்படி ஆனது என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். அடித்தவனை விட்டுவிட்டு நேரத்தைக் குற்றம் சொல்கிற ஜனங்கள். ஆனால் நம்புகிறவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? மறுபடியும் முறை தப்பிக் கையை வைத்தால், கிடைக்கிற வேலையும் விளங்காமல் போய்விடும் என்று அவள் நடுங்கினாள்.

அந்த நேரத்துக்கு இவர் வந்தார். முதல் நாளே சூளை பற்றவைத்திருந்ததால் விடியற்காலையிலேயே யூனிட்டுக்குப் போயிருந்தார். நெற்றியில் சந்தனம் வியர்வையில் இறங்கி மூக்கு வரை வந்திருந்தது. பொரியை வாங்கிக்கொண்டு போக வந்தவரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "லீவுன்னு சொல்லிப் பாரேன். ஒரு நாளுதான?" என்றார்.

"நீங்க மட்டும் பூசையும் அதுவுமா வேலைக்குப் போயிட்டு வரலாமோ?"

"சூளையில நெருப்பு இருக்குதே. விட்டுட்டா வர முடியும்?"

நான் இன்னொரு சண்டைக்கு வாயெடுத்தேன். அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணே, அங்க பூசை போட்டாச்சா?"

"காலையிலயே போட்டாச்சு."

"சூளைக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வைக்காம?"

"நெருப்பு எரியும்போதேவா?"

"ஆமா. நெருப்பு ஏத்திட்டா நிறுத்துறதில்ல. நடுவுல நிறுத்துனா உள்ள இருக்குறதெல்லாம் வெடிச்சிப் போவும். கும்புட்டுட்டு வேலையப் பாக்க வேண்டியதுதான்," என்றார் இவர். எதற்குக் கேட்கிறாள் என்றுகூட அவருக்குப் புரியவில்லை, பொரியை மென்றுகொண்டிருந்தார்.

அவள் எழுந்து, தட்டில் கற்பூரம் வைத்துக் கொளுத்தி கம்ப்யூட்டருக்கு மட்டும் காட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நானே எடுக்கிறேன் அண்ணி," என்று ஹார்டு டிஸ்க் கேபிளைக் கையில் எடுத்தாள்.

கேபிளை வாங்கி நான் சொருகப் போனேன். கை சாக்கெட்டுக்குக் கிட்டே போன பிறகுதான் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் சந்தனத்தால் அடைபட்டிருந்தன. ஒவ்வொரு ஓட்டையிலும் நன்றாக அழுத்தி, மேலே ஒரு குங்குமப் புள்ளி வேறு.

"என்னடி இது?"

"கேபிளு போற வாசலாச்சே அண்ணி. வாசலுக்கு வைக்காம எப்படி?"

என்னத்தைச் சொல்ல? நிலைப்படிக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாள். பன்னீரில் குழைத்த சந்தனம், வெளியே வேறு தூறல், பாதிகூடக் காயவில்லை. அப்படியே சொருகி ஸ்விட்சைப் போட்டிருந்தால் பெட்டி போயிருக்கும், ஹார்டு டிஸ்க்கும் போயிருக்கும், கூடவே அவளும் ஞாயிற்றுக்கிழமை போயிருப்பாள்.

இவர் ஓடிப்போய், பாதி ஷட்டர் திறந்திருந்த மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். ஜாடிக்குக் கோடு போடுகிற மெல்லிய பிரஷ் வீட்டில் இருந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்துப் பிடிக்க, அவள் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டி எடுத்தாள். டாக்டர்கள் மூக்குக்குள் பார்ப்பதுபோல் நான் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். மஞ்சள் போனது. ஆனால் ஈரம் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பெட்டியைத் திறந்தும் பார்க்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் அளவுக்குக் கரண்டைச் சேர்த்துவைத்திருக்கும். வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் இல்லை.

"சூளைப் பக்கத்துல வச்சா?" என்றார் இவர்.

"சுடவா போறீங்க?" என்றேன்.

"சுடாத பச்சை சாமான் காயிற ரேக்கு இருக்குது. கை வச்சா பொறுக்குற சூடுதான்."

வேறு வழியில்லை. நாலு திருகையும் கழற்றி, பெட்டியைத் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். மொபெட்டில் கிளம்பினார். கடிகாரம் மட்டும் ஓடியது. நாத்தனார் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு, மருந்துப் பெயர்களை எழுத்து எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

இவர் வருவதற்குள் மதியமாகிவிட்டது. பெட்டி லேசான காய்ச்சலில் இருக்கிற பிள்ளையின் உடம்புபோல் இருந்தது. ஃபேனுக்குக் கீழே வைத்து ஆறவைத்தோம், அந்த நேரம்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் மாட்டினோம், நாலு திருகு, பெரிய கேபிள், சின்ன கேபிள்கள். இவர் மெயின் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார், ஏதாவது வாடை வந்தால் தட்டிவிட. யாரும் பட்டனை அமுக்க முன்வரவில்லை. கடைசியில் நாத்தனாரே அமுக்கினாள்.

ஃபேன் சுற்றியது. வாடை இல்லை. திரையில் வெள்ளை எழுத்து ஓடி நின்றது. ஹார்டு டிஸ்க் இல்லை என்றது.

"போச்சு," என்றார் இவர்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க." அணைத்துவிட்டுக் கேபிளை அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் அதையேதான் சொன்னது. அப்போதுதான் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சாக்கெட் சும்மா இருப்பது கண்ணில் பட்டது. அணைத்து, கேபிளைக் கழற்றி அதில் சொருகினேன். மூன்றாவது தடவை பட்டனை அமுக்கியபோது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே ஹார்டு டிஸ்க் மெதுவாக முனகிக் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நான் என் தாலியைத் தொட்டுக் கும்பிட்டேன். சாமியை அத்தனை பேச்சுப் பேசியவள் நான்தான்.

அவள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். அந்த டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசினாராம், ஒரு வரிக்கு நாலு தடவை பெடலை மிதித்தாள். சூளை எரிந்தாலும், யூனிட்டுகளில் மண் அரைக்கிற வேலை பூசைக்காக நின்றிருந்ததால் உருளை ஒன்றும் சுற்றவில்லை, பல்பு ஒருமுறைகூட மங்கவில்லை. நான் கதவோரம் நின்று காவல் காத்தேன், என்னவோ யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல். ஆறு மணிக்குச் சற்று முன்னால் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள். மறுநாள் காலையில் மற்ற சாமான்களையெல்லாம் முறைப்படி கற்பூரம் காட்டி எடுத்தாள். கம்ப்யூட்டருக்கும் இன்னொரு தடவை காட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஃபைல் வரும், முதல் நாள் தாமதம் கூடாது என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், மூக்கைச் சிந்தியபடி அவளைத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் இந்த முறை சரியான நேரத்துக்கு வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, இரண்டு பெரிய மனுஷர்கள், எங்கள் பெரியப்பா. கூடம் நிறைந்துவிட்டது. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குள் டைப் அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பி கொடுத்தேன். பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, "கூப்புடு அவள," என்றார்.

நான் அறைக்குள் போனேன். வந்துவிட்டார்கள் என்றேன். அவள் திரும்பவில்லை. "இன்னும் இருக்குது அண்ணி. உக்காரச் சொல்லுங்க," என்றாள். குரல் நடுங்கியது, விரல் நடுங்கவில்லை.

வெளியே வந்து அதையே சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். புருஷன் வந்து உட்கார்ந்திருக்கும்போது அப்படி என்ன பொல்லாத வேலை, போய் இழுத்துக்கொண்டு வா என்று பெரியப்பா எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். நான் இவரைப் பார்த்தேன். வழக்கம்போல் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் வார்த்தை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இவர் எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"வேலை நடந்துக்கிட்டு இருக்குது பெரியப்பா," என்றார். "நடுவுல நிறுத்த முடியாதுங்க."

அத்தனை பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள், காப்பி ஆறி ஆடை கட்டியது. டைப் சத்தம் நின்றதும் கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. தலை குனியாமல், கட்டினவனை நேராகப் பார்த்தாள்.

"நான் வரலைங்க," என்றாள். "அடுத்த ஃபைலு வந்துடுச்சு."

அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தார்.